நல்லா இல்லை, ஆனால் ரொம்ப மோசமும் இல்லை

2025 பெப்ரவரி 3, திங்கள்

இந்தக் குறிப்பைத் தமிழில் எழுதுவதற்கு மொழிப்பற்று காரணமில்லை. பனிச்சறுக்கு ரிங்கில் என் மேசையில் திறந்தபடி கிடந்தாலும் அங்கே ஒருவராலும் வாசிக்க முடியாது, அவ்வளவுதான். ரஷ்யன் கோச் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு "என்ன அழகான எழுத்து" என்றான். அந்தப் பக்கம் முழுக்க அவனைப் பற்றித்தான் எழுதியிருந்தேன்.

இன்று கனடாவிலிருந்து மின்னஞ்சல். அங்குள்ள தேர்வாளர் லூக் பதினான்காம் தேதி டுபாய்க்கு வருகிறார். அவர்களுடைய ஐஸ் ஹொக்கிப் பள்ளியில் வளைகுடாப் பிள்ளைகளுக்கு இந்த ஆண்டு ஓர் இடம். பதினாறு வயதுக்குக் கீழே, ஆணோ பெண்ணோ. தங்கிப் படிக்க வேண்டும். அவர் வருமுன் என் மதிப்பீடு போக வேண்டும்: யாருக்கு இது பொழுதுபோக்கு, யார் ஒருநாள் இதையே தொழிலாக்கக் கூடியவர். பாலைவனத்தில் இருந்துகொண்டு பனிவிளையாட்டுக்குப் பிள்ளை பொறுக்கும் வேலை. ரொறன்ரோவில் இருக்கும் அம்மாவுக்கு இது இன்னும் விளங்கவில்லை. கேட்பவர்களிடம் "மகள் அங்க ஸ்போர்ட்ஸ் டீச்சர்" என்று சொல்லி வைத்திருக்கிறார்.

என் கண் இரண்டு பேரில்தான்.

ஒன்று ஆமிரா. கோல் கீப்பர். பிந்தித்தான் தொடங்கினாள், கால் கொஞ்சம் மந்தம். ஆனால் பக் – அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு – எந்தப் பக்கம் வரும் என்று அடிப்பவனுக்குத் தெரியுமுன் இவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அதைப் பழக்க முடியாது.

மற்றது தாரகன். கை தங்கம். பக் அவன் ஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டால் உரித்துத்தான் எடுக்க வேண்டும். குறையும் அதுதான், யாருக்கும் கொடுக்க மாட்டான். இன்னொரு குறை, அவன் என் கணவரின் அக்கா மகன்.

பெப்ரவரி 5, புதன்

தக்ஷாயினி மச்சாள் ஷார்ஜாவிலிருந்து கராமாவிலுள்ள எங்கள் வீட்டுக்கு, மாலை நெரிசலில், கணவாய்க் கறியோடு வந்தார்.

"சும்மாதான் வந்தனான் சுகந்தா. தம்பிக்குக் கணவாய் விருப்பமெல்லோ."

நிஷாந்தனுக்குக் கணவாய் ஒத்துக்கொள்ளாது. எனக்குத்தான் உயிர். கூடப்பிறந்த அக்காவுக்கு அது தெரியாதா என்ன.

தேநீர் பாதியில் கைபேசி வெளியே வந்தது. தாரகன் அடித்த கோல்கள், வரிசையாக. எல்லா வீடியோவிலும் பின்னணியில் மச்சாளின் கூச்சல்தான் பிரதானம்.

"உவன் மற்றவைக்குக் குடுக்கிறேல்ல எண்டு நீர் சொல்லுறீராம். அடிக்கத் தெரிஞ்ச பிள்ளை ஏன் குடுக்க வேணும்?"

கேள்வியில் ஒருவித நியாயம் இருந்ததால் நான் கறிச் சட்டியைப் பார்த்தேன்.

"பாப்பம் மச்சாள்" என்றேன். எங்கள் ஊர்ச் சொற்களில் இதைப்போல் உபகாரமான சொல் வேறில்லை. ஆம் என்று கேட்க வந்தவருக்கு ஆம் என்றே கேட்கும்.

பெப்ரவரி 6, வியாழன்

கறி அபாரம். மனச்சாட்சி இன்னும் எழும்பவில்லை.

பெப்ரவரி 8, சனி

ஆமிராவின் வாப்பா ஜெய்னுலாப்தீன் பாய் பேச வேண்டும் என்றார். தேராவில் அவருக்கு ஏலக்காய், குங்குமப்பூ வியாபாரம். அப்ரா படகில் ஏறிக் கடலோடையைக் கடந்து கடைக்குப் போனேன். காயல்பட்டினத்துக்காரர். மகளை ரிங்கில் இறக்கிவிட்டு காரிலேயே இருப்பாரே தவிர, இதுவரை உள்ளே வந்ததில்லை. சரி, இவரும் மகளுக்காகச் சிபாரிசு கேட்கப் போகிறார் என்று முகத்தைத் தயார் செய்துகொண்டு உட்கார்ந்தேன்.

கடைப் பையனை வெளியே அனுப்பினார். குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், எம் புள்ளய எடுக்காதீங்க."

முகத்தை மாற்றிக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"விளையாடக் கூடாதுன்னு சொல்லல. நல்லா விளையாடட்டும். இங்ஙனயே விளையாடட்டும். ஒத்தப் புள்ள மேடம். அவ பூட்டான்னா நானும் அவ உம்மாவும் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துக்கிட்டு என்ன செய்யிறது?"

"அப்ப நான் என்ன எழுதோணும்?"

யோசித்தார். வியாபாரி அல்லவா, தரம் பிரித்துத்தான் சொன்னார்.

"நல்லா இல்லன்னு எழுதிருங்க. ஆனா ரொம்ப மோசம்னு எழுதிராதீங்க. புள்ள மனசு ஒடஞ்சிரும்."

"பாப்பம் பாய்" என்றேன். காயல்பட்டினத்திலும் அது வேலை செய்கிறது.

கிளம்பும்போது மனைவி உம்மு சல்மா செய்தது என்று தம்மடைப் பெட்டி ஒன்றைக் கையில் திணித்தார். இப்போது எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் மேல்தட்டில் எடு என்று ஒரு கறி, கீழ்த்தட்டில் எடுக்காதே என்று ஓர் இனிப்பு. நிஷாந்தன் திறந்து பார்த்துவிட்டு, "உன்ர வேலை எனக்குக் கிடைக்காமப் போச்சே" என்கிறார்.

பெப்ரவரி 10, திங்கள்

பயிற்சி முடிந்து ஆமிரா கால்காப்புகளைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"கோச், எனக்கு சான்ஸ் இருக்கா? உண்மையச் சொல்லுங்க, அழமாட்டேன்."

"இருக்கு. நிச்சயம் எண்டு சொல்ல ஏலாது."

"கிடைச்சா வாப்பாதான் ரொம்ப சந்தோஷப்படுவாங்க. வெளிய காட்டிக்க மாட்டாங்க, அவ்வளவு ஷை."

நான் குனிந்து, அவிழாத என் சப்பாத்து நாடாவைக் கட்டினேன்.

பெப்ரவரி 11, செவ்வாய்

இது தாரகனின் முறை போலும்.

எல்லோரும் போனபின் வந்து நின்றான். "மாமி, என்னை ஃபெயில் பண்ணுங்கோ."

"என்னடா?"

"சீரியஸா. ப்ளீஸ்."

ஹொக்கி பிடிக்கவில்லையா என்று கேட்டேன். பிடிக்குமாம். பனியில் இறங்கும் அந்த முதல் நிமிடம் உலகத்திலேயே பிடித்ததாம். "அம்மா பாக்கிற ஹொக்கிதான் பிடிக்கேல்ல. நான் யாருக்காவது குடுத்தா கார்ல அழுவா. கனடாக்கு எடுபட்டா அவவும் வந்து பக்கத்தில வீடெடுப்பாவாம். எல்லாம் பிளான் பண்ணிட்டா."

அப்படியானால் அவன் யாருக்கும் பக்கைக் கொடுக்காதது தலைக்கனத்தால் இல்லை. மூன்று வருடமாக அதைத் தலைக்கனம் என்று எழுதி வருகிறேன். நல்ல மதிப்பீட்டாளர்தான் நான்!

"நீங்க செய்யாட்டி நானே மோசமா விளையாடுவன்" என்றான்.

"பாப்பம்" என்றேன். இந்த முறை அந்தச் சொல் வாயில் இனிக்கவில்லை.

பெப்ரவரி 12, புதன்

இன்று எழுத வேண்டிய நாள். எடு என்கிறார் ஒருவர், அவருடைய பிள்ளை எடுக்காதே என்கிறான். எடுக்காதே என்கிறார் மற்றவர், அவருடைய பிள்ளை எடு என்கிறாள். நாலு பேரில் யாருக்கும் மற்றவர் கேட்டது தெரியாது. எல்லாம் தெரிந்தவள் நான் ஒருத்தி, எனக்குத்தான் தலையிடி.

என்ன செய்ய? கண்ணால் கண்டதைத்தான் எழுதினேன்.

ஆமிராவை முதலில் வைத்தேன்: "கால்வேகம் போதாது, பழக்கலாம். ஆட்டத்தை வாசிக்கும் கண் இருக்கிறது, அதைப் பழக்க முடியாது." தாரகனை இரண்டாவதாக: "கைத்திறன் உயர்தரம். கூட்டு ஆட்டம் இதுவரை காணவில்லை." அவன் என் உறவு என்பதையும் எழுதினேன்.

ஆமிராவை முதலில் வைத்தது அவள் கெட்டிக்காரி என்பதாலா, மச்சாளுக்குப் பயந்து பக்கம் சாரவில்லை என்று எனக்கே காட்டிக்கொள்ளவா? சேச்சே. அவள் கெட்டிக்காரிதான். சத்தியமா கெட்டிக்காரிதான். அனுப்பியாச்சு, விடு.

பெப்ரவரி 14, வெள்ளி

லூக் வந்து இறங்கிவிட்டார். கனடாக்காரர், டுபாயில் தடிமன் பிடித்துவிட்டது.

பெப்ரவரி 15, சனி

இதைச் சிரிக்காமல் எழுத முடியுமா பார்க்கிறேன்.

தாரகன் சொன்னபடி மோசமாக விளையாட இறங்கினான். அவனுக்குத் தெரிந்த மோசம் ஒன்றே ஒன்றுதான்: பக்கை வைத்திருக்காமல் இருப்பது. வந்த கணமே யாரிடமாவது தள்ளிவிட்டான். ஆனால் அவன் கை இருக்கிறதே, அதற்குத் தப்பாகத் தள்ளத் தெரியாது. தள்ளியதெல்லாம் ஆள் இல்லாத இடத்தில் நிற்கும் சகாவின் ஸ்டிக்கில் போய் விழுந்தது. வாழ்நாளில் கோல் அடிக்காத பிள்ளைகள் எல்லாம் கோல் அடித்தார்கள். ஒரு குண்டுப் பையன் தன் முதல் கோலுக்குப் பிறகு ஓடிப்போய்த் தாரகனைக் கட்டிப்பிடித்ததில் இருவரும் விழுந்தார்கள். எழும்பும்போது தாரகன் சிரித்துக்கொண்டிருந்தான். பனியில் அவன் சிரித்து நான் கண்டதில்லை.

லூக் என் முழங்கையைப் பிடித்தார். "கூட்டு ஆட்டம் இல்லை என்று எழுதியிருந்தாயே? வேறு யாரைப் பார்த்தாய்?"

படிக்கட்டில் மச்சாள், "அடியடா! நீ அடியன்ரா! ஏன் குடுக்கிறாய்?" என்று கதறிக்கொண்டிருந்தார். கைபேசி மடியில் கிடந்தது. ஒரு நிமிடம்கூடப் படம் பிடிக்கவில்லை.

ஜெய்னுலாப்தீன் பாய் முதல்தடவையாக உள்ளே வந்திருந்தார். மெல்லிய வெள்ளைச் சட்டை, பல் கிட்டிக்கொண்டிருந்தது. அணியின் பழைய குளிர்ச்சட்டை ஒன்றைக் கொடுத்துப் போடச் சொன்னேன். தாரகனின் அணிக்கே கோல் காத்த ஆமிரா முதல் பாதியில் ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொரு தடுப்புக்கும் பாயின் முகம் சுருங்கியது, எடுத்துவிடுவார்களே என்று. இரண்டாம் பாதியில் களைத்துப்போனாள். ஒரு கோல் விழுந்தது. பாய் நெஞ்சில் கைவைத்து ஆறுதலாக மூச்சு விட்டதை நான் பார்த்தேன். அடுத்த கோல் விழுந்தபோது ஆமிரா முழங்காலில் அப்படியே இருந்துவிட்டாள். பாய் எழுந்து நின்றார். மூன்றாவது விழுந்ததும் கண்ணாடிச் சுவரில் இரண்டு கையாலும் அடித்தார்.

"அந்தப் பய தள்ளிட்டான்! எல்லாரும் பாத்துக்கிட்டுத்தானே இரிக்கிய!"

யாரும் தள்ளவில்லை.

பெப்ரவரி 16, ஞாயிறு

காலை லூக்கோடு உட்கார்ந்தேன். அவருக்குத் தாரகன்தான். "ஐரோப்பாவில் இரண்டாம்தர லீக் வரை கட்டாயம் போவான். அதற்கு மேல் அவன் வளர்வதைப் பொறுத்தது." ஆமிராவுக்காக வாதாடினேன். கண்ணைப் பற்றிச் சொன்னேன். "கண் சரி. கால் கடைசிவரை தாங்கவில்லையே. ஒரு வருடம் கொடு, திரும்பப் பார்க்கிறேன்" என்றார்.

பிறகு மனம் கேளாமல் உண்மையைச் சொன்னேன். அந்தப் பையன் நேற்று முழுநேரமும் மோசமாக விளையாட முயன்றான் என்று.

லூக் சிரித்துச் சிரித்து, தடிமனோடு இருமி, கண்ணைத் துடைத்தார். "அப்படியா? அவன் நன்றாக விளையாட முயலும் நாளைப் பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளாது."

பெப்ரவரி 17, திங்கள்

மச்சாளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அழுதார், சிரித்தார், குடும்ப வாட்ஸப் குழுவில் நான் மறுமுனையில் இருக்கும்போதே அறிவித்தார்.

ஜெய்னுலாப்தீன் பாய்க்கு அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். அவர் கேட்டதுதானே, நிம்மதியாக இருப்பார் என்று நினைத்துப் போனேன்.

"எடுக்கலியா?" என்றார்.

"இல்ல பாய்."

"ஏன் எடுக்கல?"

"நீங்கதானே…"

"நான் சொல்லுவேன் மேடம், நான் வாப்பா! வேண்டாம்னு சொல்ல அவன் யாரு? ஒரு நாள் வந்து பாத்துட்டு எம் புள்ளய வேண்டாம்னுட்டுப் போறதுக்கு அவனுக்கு என்ன தெரியும்?"

ஆமிரா அழவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அவள்தான் வாப்பாவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். வாசல்வரை வந்து, "கால் தானே கோச்? என்ன எக்ஸர்சைஸ் செய்யணும்?" என்றாள். முகத்தை வேறு பக்கம் திருப்பி வைத்துக்கொண்டுதான் கேட்டாள்.

பெப்ரவரி 19, புதன்

தாரகன் சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்தேன். பக்கத்தில் வந்து இருந்தான்.

"மாமி, நான் குடுத்ததெல்லாம் உண்மையாவே நல்லதோ?"

"உண்மையாவே."

ஸ்டிக்கில் சுற்றிய டேப்பைக் கொஞ்சம் உரித்தான். "ஃபன்னா இருந்தது." உரித்ததைத் திரும்ப ஒட்டினான். "போறன். ஆனா தனியப் போறன். அம்மாட்ட நீங்க சொல்லுறீங்களா?"

"பாப்பம்" என்று வாயெடுத்தேன். அவன் பார்த்த பார்வையில் விழுங்கிவிட்டேன். "இல்லடா. நீயே சொல்லு" என்றேன்.

பெப்ரவரி 23, ஞாயிறு

சொல்லிவிட்டான். மச்சாள் வெறுங்கையோடு வந்தார். சமையலறைக் கதிரையில் கைப்பையைக்கூட இறக்கிவைக்காமல் இருந்தார்.

"தனியத்தான் போவானாம். நான் என்ன சுகந்தா கூடாமச் செய்தனான்?"

எனக்கு இப்படிப்பட்ட நேரத்தில்தான் வாய் சும்மா இராது. "கூடாம ஒண்டும் செய்யேல்ல மச்சாள். கொஞ்சம் கூடச் செய்துபோட்டீங்கள்."

கோபிப்பார் என்று பயந்தேன். கைப்பையை மெல்ல இறக்கிவைத்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு, கண்ணீரோடு. "நீர் பொல்லாத ஆள்" என்றார். இடியப்பம் அவித்தேன். இருவரும் சாப்பிட்டோம். தாரகனைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றித்தான் கதைத்தோம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

நோன்பும் பெருநாளும் முடிந்து ஆமிரா திரும்ப வந்தாள். கால் மந்தம் என்று இனி எழுத முடியாது. வீட்டு மாடிப்படிகளில் ஏறி இறங்கியிருக்கிறாள். வாப்பாவும் கூட ஏறினாராம், இரண்டாம் மாடிவரை.

செப்டெம்பர் 13, சனி

பருவத்தின் முதல் ஆட்டம்.

தாரகன் கனடாவில் தன் முதல் ஆட்டம் முழுக்க பெஞ்சில் இருந்தானாம். மச்சாள் அந்தப் படத்தைக் குழுவில் போட்டு, "என்ன வடிவா இருக்கிறான் பாருங்கோ" என்று எழுதியிருக்கிறார். அவனும் ஒரு சிரிப்பு அனுப்பியிருந்தான்.

இங்கே ஆமிரா கடைசிவரை களைக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் விட்டாள். அதை யார் நின்றாலும் விட்டிருப்பார்கள். லூக்குக்கு வீடியோ அனுப்பலாம் என்று நான் எடுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் பெரும் சத்தம். அந்த ஒரு கோலுக்காக ஜெய்னுலாப்தீன் பாய் நடுவரோடு கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து தமிழில் வழக்காடி, வெளியேற்றப்பட்டிருந்தார்.

ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். வாகனத் தரிப்பிடத்தில் முட்டை பொரிக்கலாம் போல வெயில். பாய் கதவுக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றார். புதிதாக வாங்கிய தடித்த குளிர்கோட்டு, கழுத்துவரை பொத்தான் போட்டபடி. வேர்வை தாடியிலிருந்து சொட்டியது.

"கோட்டையாவது கழட்டுங்கோவன் பாய்."

"இரிக்கட்டும் மேடம்" என்றார், கண்ணை எடுக்காமல். "உள்ள கூப்புட்டான்னா உடனே போகணும்ல."