“வீடு இப்பத்தான் போச்சு”

ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்ககச் சங்கம் கூடி, காலியாக இருக்கும் என் மூன்றாம் மாடி வீட்டை ஓர் இளம் தம்பதிக்கு வாடகைக்கு விடக்கூடாது என்று சொன்னது. பெண் நர்ஸ், பையன் என்ஜினியர். முஸ்லிம்கள். அவ்வளவுதான் காரணம், பாய். கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம். செயலாளர் குரலைத் தாழ்த்தி எனக்கு வழியும் காட்டினார்: “முடியாதுன்னு நேரா சொல்ல வேணாம் சார். வீடு இப்பத்தான் போச்சுன்னு சொல்லிடுங்க.”

நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. அந்த ஒரு வாக்கியத்தில் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டாய்.

பாண்டி பஜார் நடைபாதையில் நீ லேஸும் பட்டனும், நான் லைனிங் துணியும் விற்றோம். அப்புறம் ஆளுக்கொரு கடை பிடித்தோம். மகள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று அபிராமபுரத்தில் வீடு தேடினாய். தரகர்கள் போனில் சர்க்கரையாகப் பேசுவார்கள். பெயரைக் கேட்டதும் வீடு போய்விடும்.

“என் பேருக்கு இன்னா ராசி பாரு நைனா! சொன்ன அரை நிமிஷத்துல காலி வீடு ரொம்பிக்கினு பூடுது” என்று சிரித்தாய்.

நான் சிரிக்கவில்லை. வியாபார மூளை வேலை செய்தது. “வேற பேரு சொல்லு மச்சி. உள்ள பூந்துட்டா அப்பால எவன் கேக்கப் போறான்?”

லேஸ் வெட்டிக்கொண்டிருந்த கத்தரியைக் கீழே வைத்தாய். “பேரை வாசல்ல கழட்டி வுட்டுட்டு உள்ள போனா, அங்க படுத்துக்கினு கீறது யாரு நைனா?”

நல்லது சொல்வதாகத்தான் நினைத்தேன். அவர்கள் கதவைச் சாத்தினார்கள். நானோ உன்னையே உன் பெயரைச் செருப்பு மாதிரி கழற்றச் சொன்னேன். நீ குரோம்பேட்டைக்குப் போனாய். உன் மகள் இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கு வந்தாள். நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை.

வாய்ப்பேச்சை நம்பி நான் ஒரு மீட்டர் துணிகூட அனுப்பியதில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்றேன்.

“எழுதிக் குடுங்க. முஸ்லிம்களுக்கு வீடு விடக்கூடாதுன்னு தீர்மானம் போட்டு, எல்லாரும் கையெழுத்து போட்டு, சங்க சீல் வெச்சுக் குடுங்க. வக்கீல்கிட்ட காட்டறேன்.”

“அப்படி யாரு சார் சொன்னா? சமையல் வாசனைக்காகத்தான்...” என்று இழுத்தார் செயலாளர்.

“சரி, அதையே எழுதுங்க. ரெண்டாவது மாடியில வாராவாரம் வஞ்சிரம் வறுபடுது. அவங்க பேரையும் சேத்துக்குங்க.”

இரண்டாம் மாடிக்காரர் அவசரமாகக் கைபேசியைப் பார்க்க ஆரம்பித்தார். பேனாவை நீட்டினேன். வாங்க ஆளில்லை. செயலாளர் லிஃப்ட் ரிப்பேருக்குத் தாவினார்.

வாடகைச் சட்டத்தை வக்கீலோடு உட்கார்ந்து படித்தேன், பாய். ஒப்பந்தத்தைப் பதிவு செய் என்கிறது. மூன்று மாத முன்பணம் போதும் என்கிறது. பெயரைக் கேட்டுக் கதவைச் சாத்துகிறவனைப் பிடிக்க மட்டும் அதில் ஒரு வரி எங்கள் கண்ணில் படவில்லை. அந்த வரி வந்தாக வேண்டும். வரும்வரை ஒவ்வொரு கூட்டத்திலும் எழுதிக் கொடுங்கள் என்று கேட்பேன். தண்ணீரை நிறுத்துவார்களா, நிறுத்தட்டும். லாரி வரவழைக்க எனக்குத் தெரியும்.

அன்று உன் பெயரைக் கழற்றச் சொன்னேனே, அந்தச் சொல்லை இன்னும் சுமக்கிறேன். இறக்கி வைக்கிற உத்தேசம் இல்லை.

நேற்று அந்தத் தம்பதி வந்து கையெழுத்துப் போட்டார்கள். வாடகை இருபத்தெட்டாயிரம். முன்பணம் மூன்று மாதம், ஊர் வழக்கப்படி பத்து மாதம் இல்லை. பராமரிப்புச் செலவு என்னுடையது. சங்கத்தோடு வரும் சண்டையும் என்னுடையது. சமையலறையைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரியும் கிடையாது.