ஓரத்து ஒரு அங்குலம்

அன்புள்ள வாலுப் பெண்ணுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நலம், உன் அம்மாவின் முழங்கால் மட்டும் நலமில்லை. அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறாய் என்று நம்பச் சொல்கிறாள் அம்மா, நம்பிக்கொண்டிருக்கிறோம். நீ குழாயில் சுருட்டி அனுப்பிய ஐந்து படங்களும் கசங்காமல் வந்து சேர்ந்தன, கூட வந்த கடிதத்தையும் படித்தேன். இரண்டு வருஷமாக ஐந்து பாணியில் வரைந்து பார்த்தும் எது உன்னுடையது என்று தெரியவில்லை, கண்காட்சிக்காரர்கள் இருபதாம் தேதிக்குள் ஒரு படம் கேட்கிறார்கள், அப்பா எதைச் சொல்கிறாரோ அதுதான் இனி என் வழி, எதுவும் தேறாது என்றால் தூரிகையை மூட்டை கட்டிவிட்டு விளம்பரக் கம்பெனி வேலைக்கே போய்விடுகிறேன் என்று எழுதியிருந்தாய். உலகத்தில் வேறு ஆளே கிடைக்காமல் பிரேம் கடைக்காரனிடம் வந்து ரசனை கேட்கிறாய். முப்பது வருஷமாக வருகிறவர்களிடமெல்லாம் ‘உங்க செலக்‌ஷன் பிரமாதம் சார்’ என்று சொல்லிச் சொல்லி, என் செலக்‌ஷன் என்ன என்பதே எனக்கு மறந்துபோய்விட்டது. நம் வீட்டுச் சுவரில் காலண்டர் தவிர வேறு எதையாவது மாட்டியதுண்டா, யோசித்துப் பார்.

சரி, பெண் கேட்டுவிட்டாளே என்று ஐந்துக்கும் சுற்றிலும் ஓரத்தை மூடும் மவுண்ட் அட்டை வெட்டி, பிரேம் போட்டு, கடையில் வரிசையாக மாட்டினேன். அபிப்பிராயத்துக்கா பஞ்சம்? புள்ளி புள்ளியாய் இருந்ததைப் பார்த்து உன் பெரியப்பா கண்ணாடியைத் துடைத்தார், திரும்பவும் துடைத்தார், ‘மருந்து போட்டா சரியாப் போயிடும்’ என்றார். கோடும் முக்கோணமுமாக இருந்ததை எதிர்க்கடை தையல்கார அக்கா ‘சட்டைக்கு வெட்டின துணி மாதிரி இருக்கு, கையைத்தான் காணோம்’ என்று தேடினாள். அம்மா அச்சு அசலாக இருந்த தெருப் படத்துக்கு ஓட்டுப் போட்டாள், காரணம் கேட்டால் அதுதான் புரிகிறதாம். மையைக் கொட்டியதைப் போல இருந்த படத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, நீ தெரியாமல் கொட்டிவிட்டாய் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள். படம் வாங்க வந்த பல் டாக்டர் மட்டும் உறுதியாக இருந்தார், நீலம் கரைந்து ஓடும் படம்தான் உயர்ந்த கலை, தன் காத்திருப்பு அறை சோபாவும் அதே நீலம்தான் என்றார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, நீலத்தையே பிடித்துக்கொள் என உனக்கு எழுதப் பேனாவையும் திறந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து டாக்டர், அதையே வெள்ளிப் பிரேமில் போட்டுக் காட்டுங்கள் என்றார். ஆணியைப் பிடுங்கிப் படத்தை வெளியே எடுத்தேன். மவுண்ட் மறைத்திருந்த கீழ் ஓரத்தில் ஒரு ஜோடி செருப்பு, ஒன்று நேராக, ஒன்று கவிழ்ந்து. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் உதறிவிட்டு ஓடுவாயே, அதே செருப்பு. டாக்டரை நிற்கவைத்துவிட்டு மற்ற நாலையும் பிரித்தேன். புள்ளியில் செருப்பு, முக்கோணத்தில் செருப்பு, தெரு ஓரத்தில் செருப்பு, மைக் கறையிலும் செருப்பு, எல்லாவற்றிலும் ஒன்று கவிழ்ந்து. அம்மா ஓடி வந்து, ‘வாசல்ல கவுத்துப் போட்டது பத்தாதுன்னு படத்துலயும் கவுத்துப் போட்டிருக்காளா’ என்று சத்தம் போட்டாள், பிறகு முழங்காலை மறந்து தரையில் உட்கார்ந்து ஐந்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். மவுண்ட் ஓரத்தில் ஒரு அங்குலத்தைத் தின்றுவிடும், முக்கியமான எதையும் அங்கே வைக்காதே என்று உனக்குப் பத்து வயதில் சொல்லிக்கொடுத்தவன் நான். அதே வயதில் நீ செருப்பாக வரைந்து தள்ளியபோது ‘செருப்பை எவன் வீட்டுல மாட்டுவான்’ என்று சிரித்தவனும் நான்தான். எது மறையும் என்று தெரிந்தே அங்கே வைத்தாயா, கை தானாகப் போனதா, நீதான் சொல்ல வேண்டும். எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஐந்து படத்தையும் டேப் வைத்து அளந்தேன், ஒன்றையும் பார்க்கவில்லை.

ஆகவே எந்தப் பாணி என்று நான் சொல்லப்போவதில்லை. இன்னும் ஐம்பது பாணி பார், அலுக்கும்வரை பார், செருப்பு எதில் சௌகரியமாக இருக்கிறதோ அதில் நட, என்னைக் கேட்காதே. நாலு படங்களை மவுண்ட் இல்லாமல், ஓரம் முழுக்கத் தெரிகிற மாதிரி அனுப்பியிருக்கிறேன். ஐந்தாவது வராது. காலண்டரை இறக்கிவிட்டு அந்த ஆணியில் மைக் கறையை மாட்டிவிட்டேன். பெரியப்பா பார்த்துவிட்டு இது யார் செலக்‌ஷன் என்று கேட்டார், என்னுடையது என்றேன். கண்காட்சிக்கு அதுதான் வேண்டுமென்றால் உடனே எழுது, மனசில்லாமல் அனுப்பிவைக்கிறேன்.

நன்றாக இரு, நூறு வயசு இரு, ராத்திரி கண் விழிக்காதே. இருபதாம் தேதியை மறக்காதே. வீட்டுக்கு வரும்போது செருப்பை எப்படி வேண்டுமானாலும் உதறிப் போடு, அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள். இதை அவள் எழுதச் சொல்லவில்லை, ஆனால் நேற்று தன் செருப்பில் ஒன்றைக் கவிழ்த்துவிட்டு அப்படியே உள்ளே போனதைப் பார்த்தேன்.

இப்படிக்கு,
உன் படத்தை இப்போதுதான் பார்த்த
அப்பா