காற்று இல்லை என்று எழுதிய மகனுக்கு

மரக்காணம்,
14-5-88

அன்பு மகன் திருமுருகனுக்கு அம்மா ராசம்மாள் எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் வசந்தாவும் பம்பாயில் நோய் நொடி இல்லாமல் இருக்க அங்காளம்மன் துணை இருக்கட்டும். இந்த ஒரு வரியை எழுதவே இரண்டு நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன், அவ்வளவு கோபம். வசந்தா அனுப்பிய குடை வந்து சேர்ந்தது. பித்தானை அமுக்கினால் தானாக விரிகிற குடை, பூப்போட்ட துணி, ஆசையாகப் பார்த்து வாங்கியிருக்கிறாள், நான் சந்தோஷப்பட்டதாக அவளிடம் சொல். குடையைப் பற்றி இன்னும் எழுத வேண்டியிருக்கிறது, அது பிறகு. முதலில் உன் கடிதத்துக்குப் பதில்.

போன பொங்கலுக்கு வந்தபோது நம் மேட்டில் நின்றுகொண்டு, நானும் என் கூட்டாளி தேஷ்பாண்டேயும் சேர்ந்து தண்ணீர் இறைக்கிற காற்றாலை செய்யப் போகிறோம், பட்டறையை இங்கேதான் போடப் போகிறோம் என்று கயிறு பிடித்து அளந்து காட்டினவன் நீ. இப்போது பூனா பக்கம் போடப் போவதாகவும், மேட்டை விற்றுப் பணத்தை அனுப்பச் சொல்லியும், எங்களைப் பம்பாய்க்கே வந்துவிடச் சொல்லியும் எழுதியிருக்கிறாய். காரணம், மரக்காணத்தில் காற்று போதவில்லையாம். உன் கூட்டாளி வந்து அளந்த கணக்கு அப்படிச் சொல்கிறதாம். உப்பளத்தில் இஞ்சின் ஓட்டுகிற முருகையனிடம் இதைப் படித்துக் காட்டினேன். அவன், "இன்னா அக்கா சொல்ற, காத்து இல்லியா? அப்ப என் கூரைய எவன் தூக்கினு போனான்?" என்று கேட்டான். நீயே பதில் எழுது, அவனிடம் படித்துக் காட்டுகிறேன்.

மாசியில் தேஷ்பாண்டே வந்தபோது நான் ஊரில் இல்லை. அனுமந்தையில் என் தங்கை விருத்தாம்பாள் மகளுக்கு வளைகாப்பு, அங்கேயே ஒரு வாரம் தங்கிவிட்டேன். இங்கே நடந்ததை இப்போதுதான் உன் அப்பாவைப் பிடித்து உலுக்கித் தெரிந்துகொண்டேன். அந்தப் பிள்ளை கையை நீட்டி மேட்டைத்தான் காட்டியிருக்கிறது. உன் அப்பா கேட்டால்தானே. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ச் சவுக்குத் தோப்புக்குள் கட்டில் போட்டு உட்காரவைத்து, இளநீர் வெட்டிக் கொடுத்து, நண்டு வாங்கிவைத்து, அவர் அதெல்லாம் சாப்பிடமாட்டார் என்றதும் அப்பளம் பொரித்துப் போட்டு, கிண்ணம் சுற்றிக் காற்றை அளக்கிற அந்தக் கருவியையும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு கம்பத்தில் கட்டியிருக்கிறார். அதன்மேல் துண்டு போட்டுப் போர்த்தாததுதான் பாக்கி. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், "வந்த மனுசன வெய்யில்லயும் மணல்லயும் நிறுத்த சொல்றியா, ஊரு இன்னா பேசும்? மிசினுக்கும் உப்பு ஏறிடும்ல" என்கிறார். அந்தச் சவுக்கை எதற்கு வைத்தது? சோற்றில் மணல் விழக்கூடாது என்று உன் தாத்தா வைத்தது. இந்தக் கடற்கரையில் எந்த வீட்டுக்குப் போனாலும் விருந்தாளிக்குக் காற்றுப் படாத மூலையில்தான் இலை போடுவார்கள், அதுதான் மரியாதை. காற்றே வரக்கூடாது என்று மறித்துவைத்த இடத்தில் காற்றை அளந்தால் என்ன காட்டும்?

உன் அப்பாவைப் பேசவேண்டியதைப் பேசிவிட்டேன், அவர் இரண்டு நாளாக அதே தோப்பில்தான் படுத்துக்கிடக்கிறார். தேஷ்பாண்டேயை நான் குறை சொல்லமாட்டேன். பாஷை தெரியாத ஊரில் ஒரு பெரியவர் கையைப் பிடித்து இழுத்தால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? நான் கேட்பது உன்னை. சவுக்குத் தோப்பில் வைத்து அளந்தது என்று அவர் தாளில் இருப்பதாக நீயே உன் கையால் எழுதியிருக்கிறாய். அந்தத் தோப்புக்குள் உட்கார்ந்துதானே பரீட்சைக்கெல்லாம் படித்தாய்? வெளியே உட்கார்ந்தால் புத்தகத்தில் ஒரு பக்கம் நிற்காது என்றுதானே உள்ளே போனாய்? அது உனக்கு மறந்துவிட்டதா, இல்லை, பூனாவுக்குப் போக ஒரு சாக்கு கிடைத்தது என்று மறந்துகொண்டாயா?

இதோடு நிறுத்தினால் அம்மா பாசத்தில் புலம்புகிறாள் என்று வசந்தாவிடம் சொல்லிச் சிரிப்பாய். நான் பள்ளிக்கூடம் போகாதவள், உன் சிலேட்டைப் பார்த்தே எழுத்துக் கூட்டக் கற்றவள், ஆனாலும் கேள். மழை ஓய்ந்து தை பிறந்தால் அடுத்த மழை வரைக்கும் அளத்தில் உப்புநீர் இறைத்தே ஆகவேண்டும். வெயில் ஏற ஏற மத்தியானக் கடல்காற்றும் ஏறுகிறது. வேலை இருக்கிற நாளில் காற்றும் இருக்கிறது, இதைவிட என்ன வேண்டும்? இன்றைக்குப் பாத்திக்குப் பாத்தி டீசல் இஞ்சின் புகைகிறது, எண்ணெய் சொட்டி உப்பு கறுத்தால் வியாபாரி மூட்டையைத் தொடுவதில்லை. உன் காற்றாலையை வாங்கவேண்டியவர்கள் எல்லாரும் நம் மேட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கிறார்கள். இடையஞ்சாவடிப் பக்கம் வந்து குடியேறின வெள்ளைக்காரர்கள் காற்றாலை வைத்துக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிறார்கள், மேலே ஏறி கிரீஸ் போடுவது நம் பையன்கள்தான். பூனாவில் வெல்டர்கள் நிறைய இருப்பார்கள், வீசுகிற காற்றில் உச்சியில் நின்று நட்டு முறுக்கிப் பழகினவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? இரும்புக் கடைசல் வேலைக்குப் பாண்டிச்சேரி இருக்கிறது, ரயிலுக்குத் திண்டிவனம் இருக்கிறது. உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும் என்று எழுதியிருக்கிறாய். பிடிக்கட்டும். இங்கே நிற்கிற மாதிரி ஒன்றைச் செய்துவிட்டால் அது எந்தக் கடற்கரையிலும் நிற்கும். துருவே தெரியாத ஊரில் செய்து இங்கே கொண்டுவந்து விற்றால், அடுத்த வருஷமே முருகையன் ஸ்பானரோடு உன்னைத் தேடிப் பம்பாய்க்கு வருவான். கரண்ட் அடிக்கடி நிற்கிறது என்கிறாய். நிற்காத ஊரில் காற்றாலையை எவன் வாங்குவான்? போன் வசதி இல்லை என்றது ஒன்றுதான் உண்மை. தபாலாபீசுக்கு நடக்கவேண்டும். நட.

கோட்டக்குப்பத்தில் இரும்புக்கடை வைத்திருக்கிற பக்கீர் முஹம்மது பாய் போன வாரம் வந்திருந்தார். அவர் மகன் ஃபாரிஸ் துபாய் போகிறான். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நம்ம புள்ளைங்க எல்லாம் எண்ணெய் எடுக்கிற ஊரத் தேடிப் போவுதுங்க அக்கா, இங்க அடிக்கிற காத்து கேக்க ஆளில்லாம போவுது" என்றார். என் மகன் அப்படி இல்லை, திரும்பி வருகிறான் என்று பெருமையாகச் சொன்னேன். மறுநாள் உன் கடிதம் வந்தது.

மேடு என் பேரில் இருக்கிறது. விற்கமாட்டேன். பம்பாய்க்கும் வரமாட்டேன். நீ பட்டறை போடாவிட்டால், இடையஞ்சாவடிப் பையன்களை அழைத்துவருவதாக முருகையன் சொல்லியிருக்கிறான், ஒற்றைக் காற்றாலையாவது அந்த மேட்டில் சுற்றும். அதை யார் செய்தது என்று கேட்கிறவர்களிடம் உன் பேரை நான் சொல்லமாட்டேன்.

இப்போது குடை. முந்தாநாள் மத்தியானம் அளத்துக்குச் சோறு எடுத்துப் போகும்போது, மருமகள் ஆசையாக அனுப்பியதாயிற்றே என்று மேட்டில் ஏறிப் பித்தானை அமுக்கினேன். அமுக்கியதுதான் தெரியும். மேல்பக்கமாகப் புரண்டு, கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, வரப்பு வரப்பாக உருண்டு ஓடியது. முருகையன் பின்னாலேயே ஓடினான். அளத்தில் உப்பு சுமக்கிற பாப்பாத்தி சிரித்த சிரிப்பில் தலையிலிருந்த உப்புக்கூடையையே கீழே போட்டுவிட்டாள். "குடை புடிச்ச மகராசியப் பாருங்கடி" என்று அளத்துப் பெண்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். மழைக்கே சாக்கைத் தலையில் கவிழ்த்துக் கொங்காணி போட்டுக்கொள்கிற ஊர் இது, இங்கே யார் குடை பிடித்து நீ பார்த்திருக்கிறாய்? வசந்தா வெளியூர்ப் பெண், அவளுக்குத் தெரியாது, வருத்தப்பட வேண்டாம் என்று சொல். உனக்குமா தெரியாது?

கம்பிகள் ஒடிந்து, துணி கிழிந்து, உப்பு காய்ந்து வெள்ளையாக இருக்கிறது. நான் துடைக்கவும் இல்லை, தைக்கவும் இல்லை. ஃபாரிஸை விமானம் ஏற்றப் பக்கீர் பாய் பம்பாய் வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பூனாவில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதைக் கூட்டாளிகள் முன்னே மேசையில், தேஷ்பாண்டேயின் தாளுக்குப் பக்கத்தில் வை. இதை அளந்தது யார் என்று கேட்டால் அம்மா என்று சொல். அவரையும் மறுபடி அனுப்பு. இந்தத் தடவை அவருக்கு மேட்டில்தான் இலை போடுவேன், மணல் விழுந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போய்க் கணக்கு எழுதட்டும்.

வசந்தாவுக்கு இருமல் நின்றதா, மிளகு ரசம் வைத்துக் கொடு, அவளே எழுந்து வைக்கட்டும் என்று இருக்காதே. அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், தோப்பிலிருந்தே சொன்னார். என் கோபம் வேறு, ஆசீர்வாதம் வேறு, நீங்கள் இரண்டு பேரும் நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும். குடை கைக்கு வந்ததும் மடக்கப் பார்க்காதே, அது மடங்காது.

இப்படிக்கு,
மேட்டை விட்டு இறங்காத உன் அம்மா,
ப. ராசம்மாள்