குருவி அழுத அழுகை

மார்ச் 3, செவ்வாய்

காலையில் டப்பிங் அறைக்குள் நுழைந்தால் மைக் என் நெற்றிக்கு நேராக நிற்கிறது. பதினான்கு வருடமாக என் வாய்க்கு நேராக நின்ற மைக். திருகைத் தளர்த்தி இறக்கினேன். உயரமாக யாரோ வந்து பேசிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

மதியம் தயாரிப்பாளர் தானே டீ கொண்டுவந்து கொடுத்தார். அப்போது உறைத்தது.

"மேடம், அடுத்த சீசன்ல ஹீரோயினுக்குக் கொஞ்சம் ஃப்ரெஷ்ஷான வாய்ஸ் வேணும்னு சேனல்ல கேக்கறாங்க. நீங்க அம்மா கேரக்டருக்குப் பேசுங்க. வெயிட்டான ரோல்."

கதையைப் படித்தேன். அம்மா ஏழு பகுதிகளுக்குப் படுத்தே இருக்கிறாள். வெயிட் முழுக்கக் கட்டிலுக்குத்தான்.

எங்கோ வெளிநாட்டில் எடுத்த தொடர். அதில் நடிக்கும் அந்த அம்மாளுக்கு ஆரம்பிக்கும்போது முப்பது வயது. முகத்துக்கு ஊசி போட்டுப் போட்டு சீசனுக்கு ஒரு வயது குறைந்துகொண்டே வருகிறாள். அவளை யாரும் மாற்றவில்லை. முகமே தெரியாத எனக்குத்தான் வயதாகிவிட்டது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

மார்ச் 6, வெள்ளி

என் இடத்துக்கு வந்திருக்கும் புதுக் குரல்காரியைப் பார்த்தேன். இருபத்து நான்கு வயது. குருவி மாதிரி குரல் என்று தயாரிப்பாளர் சொல்லப்போக, எல்லோருக்கும் அவள் குருவி. ஐந்தடி எட்டங்குலத்தில் குருவி!

"வணக்கம் ஆன்ட்டி" என்றாள். சவுண்ட்காரரை "அண்ணா" என்றாள். அவர் என்னைவிட ஒரு வயது மூத்தவர், பேரன் எடுத்தவர். வழுக்கையைத் தடவிக்கொண்டு சிரித்தார். அண்ணனாம்.

மார்ச் 9, திங்கள்

வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். "நல்லதுதானே, இனிமே கத்த வேண்டாம்" என்றார். தொடரில் என்ற அர்த்தத்தில்தான் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 14, சனி

அவமானத்துக்கும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். முதல் நான்கு பகுதிகளுக்கு ஹீரோயின் வசனத்தை நான் ஒரு தடவை பேசிப் பதிந்துவிட வேண்டும். அதை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே குருவி தன் குரலில் பேசுவாள். வாயசைவு எங்கே தொடங்குகிறது, எங்கே மூச்சு என்று பிடிபடும்வரை ஒரு துணை. அப்புறம் என் குரல் இருக்கும் ட்ராக்கை ஒலிக்காமல் அடைத்துவிடுவார்கள்.

இன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் ஹீரோயின் உடைந்து அழும் காட்சி. அழுது கொடுத்தேன். உயிரைக் கொடுத்து அழுதேன். பிழைத்துப் போ என்று.

வெளியே வந்தபோது குருவி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். முடி இன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது. எப்படித்தான் தினமும் நன்றாக இருக்கிறதோ.

மார்ச் 20, வெள்ளி

குருவி இன்று சவுண்ட்காரரை வாய்தவறி "அங்கிள்" என்றுவிட்டாள். சாயங்காலம்வரை சந்தோஷமாக இருந்தேன்.

மார்ச் 26, வியாழன்

ஆஸ்பத்திரி காட்சி இன்று ஒளிபரப்பானது. அது நான்!

அழுவதற்கு முன்னால் ஒரு முழுங்கு முழுங்குவேன். தொண்டையில் எதையோ உள்ளே தள்ளிவிட்டு, தள்ள முடியாமல், அதற்கப்புறம்தான் அழுகை. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அந்த முழுங்கு அப்படியே இருந்தது. சவுண்ட்காரர் என் ட்ராக்கை அடைக்க மறந்து குருவியுடையதை அடைத்திருக்கிறார். பேரன் எடுத்தால் இப்படித்தான்.

டப்பிங் குழுவின் வாட்ஸப்பில் ஒரே கைதட்டல். "குருவி, கொன்னுட்டே!" "இதுதான்யா ஃப்ரெஷ் வாய்ஸ்!" அவள் அடக்கமாக ஒரு கும்பிடு பொம்மை போட்டிருக்கிறாள். எவ்வளவு நெஞ்சழுத்தம். என் அழுகைக்குக் கும்பிடு வாங்கிக்கொள்கிறாள். வயிறு எரிகிறது. கூடவே சிரிப்பும் வருகிறது. என்னைப் பாராட்டுகிறார்கள், அவள் பெயரில். ஐம்பத்தெட்டு வயசுக் குரல் ஃப்ரெஷ்ஷாம். நாளைக்குப் போய்க் கேட்கிறேன், ஹீரோயின் குரலை ஏன் மாத்தணும்னு. எல்லார் முன்னாடியும் கேக்கறேன்.

மார்ச் 27, வெள்ளி

கேட்டேன்.

தயாரிப்பாளர், சேனல்காரர், குருவி, எல்லோரும் இருந்தார்கள். "நேத்து நீங்க எல்லாரும் கைதட்டினது என் குரலுக்கு. ட்ராக் மாறிப் போயிருக்கு. கேட்டுப் பாருங்க" என்றேன். நல்ல கணீரென்று சொன்னேன்.

சவுண்ட்காரர் தலையைச் சொறிந்தார். "மாறலையே மேடம்..."

"போடுங்க சார்."

இரண்டையும் தனித்தனியாகப் போட்டார். ஒளிபரப்பானது குருவியுடையது. முழுங்கு, மூச்சு, எல்லாம் அவளுடையது. அப்புறம் என்னுடையதைப் போட்டார். முழுங்கு அதேதான். அதற்கப்புறம் வந்த அழுகையில் ஓர் இழுப்பு, அடியில் ஒரு கரகரப்பு. ஆஸ்பத்திரி வராந்தாவில் பெண் அழுவது மாதிரி இல்லை. வராந்தாவைக் கூட்டுகிற அம்மாளுக்கு மூச்சு வாங்குவது மாதிரி இருந்தது.

சேனல்காரர் போனைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

குருவிதான் பேசினாள். "ஆன்ட்டி, டிவில கேட்டப்ப எனக்கே நீங்கன்னுதான் தோணுச்சு."

நல்ல மனசா, நடிப்பா? நல்ல மனசும் இருக்கிறதென்றால் அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட வேண்டும். என்னால் முடியாது, அலுத்துவிட்டது.

மார்ச் 28, சனி

வீட்டிலேயே இருந்தேன். யாரிடமும் பேசவில்லை. தன் குரல் எதுவென்று தெரியாதவள் பேசி என்ன ஆகப்போகிறது?

மார்ச் 30, திங்கள்

குருவியை மாடிப்படியில் மடக்கிப் பிடித்துக் கேட்டேன். "அந்த முழுங்கு உனக்கு எங்கேருந்து வந்தது?"

முகம் சிவந்துவிட்டது. "அஞ்சாவது படிக்கிறப்ப அம்மாவோட உக்காந்து இந்த சீரியல் பாப்பேன் ஆன்ட்டி. ஸ்கூலுக்கு மட்டம் போடணும்னா நீங்க அழற மாதிரியே அழுவேன். முழுங்கிட்டு அழுதா அம்மா உடனே நம்பிடுவாங்க. அப்படியே பழகிடுச்சு. நிஜமா அழறப்பவும் இப்ப அப்படித்தான் வருது."

"எத்தனை நாள் மட்டம் போட்டே?"

"நிறைய. கணக்குல ஃபெயிலே ஆயிட்டேன்."

என் அழுகையால் ஒரு பெண் கணக்கில் தோற்றிருக்கிறாள். இத்தனை வருடத்தில் என் குரலுக்கு யாரும் இவ்வளவு மரியாதை செய்ததில்லை. ஆனாலும் எரிகிறது. என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போனதை என்னைவிட நன்றாக வைத்திருக்கிறாளே!

ஏப்ரல் 8, புதன்

முதல்முறையாக அம்மா வசனம். கட்டிலில் கிடக்கும் அம்மாவும் மகளும் சேர்ந்து அழும் காட்சி. என் பங்கைக் காலையிலேயே பதிந்துவிட்டார்கள். மதியம் அவளுக்கு.

முழுங்காமல் அழுதுவிட வேண்டும் என்ற பிடிவாதத்தோடுதான் நின்றேன். தானாக வந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சவுண்ட்காரர் சொன்னார்: "ரெண்டு பேரும் ஒரே மாதிரி முழுங்கறீங்க மேடம்."

"மறுபடி எடுக்கவா?"

"எதுக்கு? அம்மாவும் பொண்ணும்தானே. இருக்கட்டும். நல்லா இருக்கு."

ஹெட்ஃபோனைக் கழற்றினேன். மைக் என் வாய்க்கு நேராக, நான் காலையில் இறக்கிவைத்த இடத்தில் இருந்தது. அடுத்து அவள் வருவாள், குனிந்து திருகைத் தேடுவாள்.

திருகைத் தளர்த்தி நானே மைக்கை உயர்த்திவிட்டு வந்தேன். அவள் வாய்க்குச் சரியாக எட்ட இன்னும் இரண்டு விரற்கடை உயர்த்தியிருக்க வேண்டும். அந்த அளவுக்கெல்லாம் நான் நல்லவளில்லை.