நான் கூப்பிடாத பெயர்

14-6-71, திங்கள்

வீட்டுக் கணக்கு எழுதியாயிற்று. மனசு ஆறாததால் இதையும் எழுதுகிறேன்.

பாப்பா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையை எறிந்தாள். "வகுப்புல நாலு லதா, மூணு உஷா. கருப்பின்னு நான் ஒருத்திதான். பேரைக் கூப்புட்டதும் என் நிறத்தைப் பாத்துச் சிரிக்கிறாளுக." லதா என்று மாற்ற வேண்டுமாம். இந்த மாதத்துக்குள் அப்பா ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பள்ளியில் மாற்றித் தருவார்களாம்.

கருப்பி என்பது என் மாமியார் பெயர். மூத்த பேத்திக்கு வைத்தார்கள். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்வதில்லை. அதனால் பிறந்ததிலிருந்து எனக்கு அவள் பாப்பாதான். எழுதினால் தோஷமில்லை என்று நானே வைத்துக்கொண்டிருக்கிறேன். முருகா, சரிதானே?

15-6-71

இவுகளிடம் சொன்னேன். "ஆத்தா உசிரோட இருக்கையிலேயே அவுக பேரை எடுக்கவா?" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்கள்.

18-6-71, வெள்ளி

விளக்கேற்றிவிட்டுப் பாப்பாவை உட்காரவைத்துச் சொன்னேன் — அது நிறத்துக்கு வைத்ததில்லை, எல்லையில் காவல் நிற்கும் கருப்பர் பெயர், பயம் அண்டாதிருக்க வைத்தது என்று.

"அம்புட்டு நல்ல பேருன்னா நீ ஒரு தடவை கூப்புடு பாப்பம்."

உதடு வரை வந்து நின்றுவிட்டது.

"பாத்தியா? உனக்கே வெக்கம்."

வெக்கமா? ஐயோ, மரியாதைடி! ஆனா பெத்தவ வாயிலயே வராத பேரை அவ எப்படித்தான் சுமப்பா?

20-6-71

அத்தைக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொன்னார்கள்: "எங்க ஊருல ஏழு கருப்பிடி. நான் நெட்டைக் கருப்பி. ஒருத்தியக் கூப்புட்டா ஏழு பேரும் திரும்புவோம். அங்க யாரு சிரிக்க? இவ பாவம், ஒத்தையா மாட்டிக்கிட்டா. லதான்னே வச்சுக்கிடட்டும். ஆனா மாத்துறதுக்கு முந்தி நீ ஒருதரம் கூப்புட்டுரு. என் மரியாதைய நான் பாத்துக்கிடுறேன்."

"என்னத்தை இப்படிச் சொல்றீக!" என்று அடுப்படிக்குள் போய்விட்டேன்.

21-6-71

நாக்கு எழவில்லை.

25-6-71, வெள்ளி

கொப்புடையம்மன் கோயிலுக்கு நானும் பாப்பாவும் மட்டும். அர்ச்சனைக்குப் பெயர் சொல்வது எப்போதும் இவுகதான். இன்று குருக்கள் என்னைப் பார்த்தார். பின்னால் கூட்டம் நெருக்குகிறது. பாப்பா வாயைத் திறக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கருப்பி."

சன்னமாகத்தான் வந்தது. "யாரு?" என்றார்.

"கருப்பி! எம் மக."

மணிச் சத்தத்தையும் மீறி எனக்கே கேட்டது. அம்மா, தாயே, பொறுத்துக்கொள்.

திரும்பி வருகையில் அவள் செக்காலை ரோடு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

1-7-71

கெடு நேற்றோடு முடிந்தது. பாப்பா அந்தக் காகிதத்தை அப்பாவிடம் நீட்டவே இல்லை. நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் அடுப்படியிலிருந்து, "கருப்பி, இங்குட்டு வா" என்று குரல் கொடுத்தேன்.

"என்னம்மா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

"என்னத்துக்குடி கூப்புட்ட?" என்று கொல்லையிலிருந்து அத்தை.

முதலில் சிரித்தது பாப்பா. இல்லை, கருப்பி.