முதல் பெயர்

பிப்ரவரி 3, திங்கள்

வெளியீட்டுக் குறிப்பின் வரைவு இன்று வந்தது. முதல் பெயர் சம்யுக்தா. இரண்டாவது ஜோதிமணி. அதாவது நான். கடைசியில் எங்கள் குழுத் தலைவர்.

இரண்டாவது. சரி.

எங்கள் செயற்கைக்கோளில் இருக்கும் நிறமாலைமானி சில வருஷங்களாகச் சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கிறது. சூரியனிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களைப் பிரித்து எண்களாக அனுப்பும். அந்த எண்களை அப்படியே வெளியே கொடுத்தால் யாருக்கும் உபயோகமில்லை. இந்த எண்ணுக்கு இந்த ஆற்றல் என்று திருத்திக் கொடுக்க வேண்டும். கருவிக்குள்ளேயே ஒரு சின்னக் கதிரியக்க மூலம் வைத்திருக்கிறோம். அதன் கோடு எப்போதும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நிற்காது. கருவி சூடானால் ஒரு பக்கம் நகரும், குளிர்ந்தால் மறுபக்கம். அதை நிற்கவைத்தது நான். மூன்று வருஷம் அந்தக் கோட்டுக்குப் பின்னாலேயே ஓடினேன். பாப்பாவின் பள்ளி ஆண்டு விழாவுக்குக்கூட — விடு.

சம்யுக்தா வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. என் திருத்தத்தை எல்லா நாளின் தரவுக்கும் போடுகிற நிரல் அவளுடையது. இணையப் பக்கமும் அவளுடையது. இந்த மாதம் 28, அறிவியல் நாள். அன்றைக்கு எல்லாம் உலகத்துக்குத் திறந்துவிடப்படும். இனி இந்தத் தரவைத் தொடுகிற ஒவ்வொருவரும் அந்தக் குறிப்பைக் காட்டியாக வேண்டும், முதல் பெயரைச் சொல்லியாக வேண்டும்.

எனக்குப் பொறாமை எல்லாம் இல்லை. அடுத்தவரிடம் இருப்பது வேண்டும் என்று நினைத்தால்தான் பொறாமை. இது என்னுடையதுதானே?

பிப்ரவரி 4

பொறாமைதான்.

பிப்ரவரி 6, வியாழன்

மதியம் கேன்டீனில் பசவராஜ் சாரும் அவளும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் எங்கள் குழுத் தலைவர். அவள் அப்பா சக்ரபாணி இங்கே கல்லூரியில் இயற்பியல் பாடம் எடுத்தவர், சாருக்கும் வாத்தியார். மேல்கோட்டை ஐயங்கார் குடும்பம், இதே மைசூரில் சொந்த வீடு. கன்னடம் சுத்தம், ஆங்கிலம் சுத்தம். நான் இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷமாகியும், வாயைத் திறந்தால் "ஹனூர் பக்கமா?" என்று கேட்கிறார்கள். தமிழ் பேசும் என் ஊர் மார்டள்ளியைச் சொன்னால் "ஓ, காட்டுப் பக்கம்" என்கிறார்கள்.

ஒரு நாள் அவள் சொன்னாள், "அக்கா, உங்க தமிழ் கேக்க நன்னா இருக்கு, சினிமால வர மாதிரி." நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் இன்னும் எரிச்சல்.

வீட்டுக்காரர் கணேசனிடம் புலம்பினேன். "பேருல என்ன இருக்குது புள்ள, சம்பளம் வருதுல்ல" என்றார். இவருக்கென்ன, வங்கி மேனேஜர். கிளையின் வாசலில் இவர் பெயர்தான் தொங்குகிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

கிடைத்துவிட்டது.

அவள் நிரலில் ஓட்டிய சோதனைக் கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். என் கோடு நிற்கவில்லை. குடித்தவன் மாதிரி ஆடுகிறது. முதலில் என் கணக்கில்தான் தவறோ என்று திரும்பப் போட்டுப் பார்த்தேன். பிறகு புரிந்தது. கருவியின் வெப்பநிலையைக் குறிக்கும் கோப்பு இந்திய நேரத்தில் இருக்கிறது. சூரியத் தரவு உலக நேரத்தில். இரண்டுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். அதைக் கழிக்காமலே ஓட்டியிருக்கிறாள். காலையில் அடித்த காய்ச்சலைப் பார்த்துச் சாயங்காலம் மருந்து கொடுத்த கதை.

இதைப் போன மாதமே அவளிடம் சொன்னேன். காபி மிஷின் பக்கத்தில் நின்று, "வெப்பநிலைக் கோப்பு நம்ம நேரத்துல இருக்குது, அஞ்சரை மணி நேரத்தக் கழிச்சுரு" என்றேன். "ஆச்சு அக்கா" என்றாள்.

என்ன ஆச்சு? ஒரு மண்ணும் ஆகவில்லை. முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறாள்.

கோபம் வந்தது. கோபத்தைவிடச் சந்தோஷம் அதிகமாக வந்தது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

பிப்ரவரி 12

யாரிடமும் சொல்லவில்லை. அப்படியே வெளியாகட்டும், உலகமே பார்த்துச் சிரிக்கட்டும், முதல் பெயர்க்காரி பதில் சொல்லட்டும் — நாள் முழுக்க இதே நினைப்பு. ஆனால் ஆடப்போவது என் கோடு. தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆனால் போதும் என்கிற புத்தி எனக்கு வேண்டாம்.

சொல்லிவிடலாம். ஆனால் அவளிடம் இல்லை. சாரிடம்.

பிப்ரவரி 13, வியாழன்

சொல்லிவிட்டேன்.

வரைபடத்தைப் பார்த்ததும் பசவராஜ் சார் முகம் மாறிவிட்டது. "என்னங்க இது? அந்தப் பொண்ணுகிட்ட சொல்லலியா?" என்றார் கன்னடத்தில். நானும் கன்னடத்திலேயே சொன்னேன், "போன மாதமே சொன்னேன் சார். 'முகிஸித்தீனி' என்றாள்." முடித்துவிட்டேன் என்றாள் என்று.

அவளைக் கூப்பிட்டார். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே சார். கடைசி ஓட்டத்தில் சேர்ப்பதாக வைத்திருந்தேன்" என்றாள். என்னைப் பார்த்தாள். என் காதால் கேட்டது பொய்யா? "நீ சொன்னியேம்மா" என்றேன்.  அவள் கண் கலங்கிவிட்டது. இது வேறா என்று நினைத்தேன்.

செய்யாததைக்கூட மன்னிப்பேன், செய்ததாகச் சொல்வதை மன்னிக்க மாட்டேன் என்றார் சார். கடைசி ஓட்டம் என் பொறுப்பு. முதல் பெயர் என்னுடையது. அவள் பெயர் கடைசியில் நன்றி சொல்லும் பத்திக்குப் போகிறது.

பிப்ரவரி 14

கோடு நிற்கிறது. முதல் பெயர் ஜோதிமணி.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "சூரியனுக்கே உம்பட பேர வெச்சுட்டாங்களா கண்ணு?" என்று கேட்டார். இல்லை என்று விளக்க மனம் வரவில்லை. இந்நேரம் மார்டள்ளி முழுக்கத் தெரிந்திருக்கும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஐயோ.

மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். கீழே சம்யுக்தா அவள் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஆச்சும்மா. வரச்சே தேவராஜ மார்க்கெட்ல வாங்கிண்டு வரேன். ஆச்சு, ஆச்சு."

படியிலேயே நின்றுவிட்டேன். வாங்கவில்லை. இனிமேல்தான் வாங்கப் போகிறாள். அதற்கு 'ஆச்சு' என்கிறாள்.

ஆய்து. கன்னடத்து ஆய்து. நாள் முழுக்க இந்த ஊரில் காதில் விழுகிற சொல். ஒரு வேலை சொன்னால் "ஆய்து" என்பார்கள், சரி, செய்கிறேன் என்று. அதைத்தான் இவள் தமிழில் போட்டு ஆச்சு என்கிறாள். எங்கள் ஊரில் ஆச்சு என்றால் முடிஞ்சு போச்சு. நான் அப்படித்தான் கேட்டேன். சாரிடம் போய் அதைக் கன்னடத்தில் வேறு பெயர்த்துச் சொன்னேன். 'ஆய்து' என்றே சொல்லியிருந்தால் அவருக்கு அந்த நிமிஷமே புரிந்திருக்கும்.

அந்தப் புள்ள பொய் சொல்லல. நாந்தான் போய்ப் பொய்யச் சொல்லிட்டு வந்திருக்கேன்.

பிப்ரவரி 19

வேண்டுமென்று செய்யவில்லையே? மொழியில் வந்த குழப்பம்தானே? ஓட்டத்தையும் நான்தான் சரி செய்தேன். கோடு என்னுடையது. முதல் பெயர் எனக்கு எப்படியும் வரவேண்டியதுதான். வந்த வழிதான் கொஞ்சம் கோணல். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒன்பது நாளில் எல்லாம் முடிந்துவிடும்.

இதைக் கணேசனிடமும் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"பேருல என்ன இருக்குதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?"

"அது உம்பேரு. இது அந்தப் புள்ள பேரு. கெட்டுப் போயிருக்குது."

எழுந்து போய் மோர் ஊற்றிக்கொண்டு வந்து சாப்பிட்டார்.  திட்டியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

அவளையும் வைத்துக்கொண்டு சாரிடம் சொன்னேன். அவள் சொன்னது ஆச்சு, நான் கேட்டது முடிஞ்சது, உங்களிடம் சொன்னது முகிஸித்தீனி. பொய் அவளுடையது இல்லை.

சார் முதலில் சிரித்தார். பிறகு கோபம் வந்துவிட்டது. "உங்க ரெண்டு பேர் தமிழுக்கும் நடுவுல என் வெளியீடு மாட்டிக்கிச்சு. இனிமே எதுவானாலும் எழுதி அனுப்புங்க" என்றார். அவள் பெயரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னேன். எந்த இடத்தில் என்று கேட்டார். வாய் வரை வந்தது, முதலில் என்று. சொல்லவில்லை. இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்: சொல்ல முடியவில்லை.

"யாருக்கும் மனஸ்தாபம் வேண்டாம். ஆங்கில எழுத்து வரிசைப்படி போட்டுடலாம்" என்றார்.

ஜே, எஸ். ஜே முன்னால் வரும். எனக்குள் ஏதோ ஒன்று துள்ளியது. சீ.

வெளியே வந்ததும் அவளிடம், "தப்பா நெனச்சுட்டேன் சம்யுக்தா, மன்னிச்சுக்கோ" என்றேன். "பரவால்ல மேடம்" என்றாள். ஒன்றரை வருஷத்தில் முதல் முறையாக மேடம்.

பிப்ரவரி 26

சிவராத்திரி. அம்மா மாதேஸ்வர மலைக்குப் போயிருக்கிறார். என் பெயருக்கு அர்ச்சனையாம். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

திறந்துவிட்டோம். காலையில் சின்ன விழா, கைதட்டல், கேசரிபாத். பெரிய திரையில் பக்கத்தைத் திறந்தார்கள். நான் பெயர்களைத்தான் தேடினேன்.

பசவராஜ். ஜோதிமணி. சம்யுக்தா.

பி. நான் ஜேயையும் எஸ்ஸையும் மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன். பி என்று ஒரு எழுத்து இருப்பதே எனக்குத் தோன்றவில்லை. அவர் சூழ்ச்சி செய்தார் என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் அது இன்றுதான் தெரிந்ததுபோல, "அடடே, நான் முதல்ல வந்துட்டேனே" என்று சங்கடமாகச் சிரித்தார். மாற்றவும் இல்லை. இனி உலகம் 'பசவராஜ் மற்றும் பலர்' என்றுதான் எழுதும்.

பக்கத்தில் சம்யுக்தா நின்றிருந்தாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பலர்னா நாமதான் இல்லையா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை, ஆனால் நகர்ந்தும் போகவில்லை.

மாலையில் போலந்திலிருந்து முதல் கடிதம் வந்தது. 'மதிப்புக்குரிய டாக்டர் பசவராஜ், உங்கள் கோடு இவ்வளவு உறுதியாக நிற்பதைக் கண்டு வியந்தோம், எப்படிச் செய்தீர்கள்?' சார் அதை எங்கள் இருவருக்கும் அனுப்பி, விவரமாகப் பதில் எழுதுங்கள், என் பெயரிலேயே போகட்டும் என்றிருந்தார்.

ஒரே திரைக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். கோட்டைப் பற்றி நான் எழுதினேன், ஓட்டத்தைப் பற்றி அவள் எழுதினாள். கடைசியில் அவர் பெயரை அவள் அடித்தாள். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று நான் பார்த்தேன்.