ஜெனி சொன்ன வணக்கம்

ஜூலை 9, புதன்.

மகளின் பேச்சுப் பயிற்சிக்கு அரசுக் காப்பீட்டு அட்டை செல்லுமா என்று கேட்க, இன்று அவளையும் கூட்டிக்கொண்டு தர்மபுரிக்குப் போனேன். ஆட்டிசம் உள்ள பிள்ளையை நேரில் பார்த்தால் மனம் இரங்குவார்கள் என்று நினைத்தேன்.

பெரியவர்களைக் கண்டால் பிள்ளைகள் வணக்கம் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். ஜெனிக்கு ஆறு வயது. அந்த ஒரு வார்த்தை போன மாதம்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் காப்பீட்டு கவுன்டர் முன்னால் நின்றதும் புத்தி கெட்டுப்போய், "சாருக்கு வணக்கம் சொல்லு சாமி" என்றேன். கைகூப்பி, தெளிவாகச் சொன்னாள்.

கவுன்டரில் இருந்தவர் சிரித்தார். "புள்ள நல்லாத்தான பேசுது, இதுக்கு எதுக்குங்க தெரபி? பெட்ல சேத்தாத்தான் கார்டு செல்லும். வந்துபோற பயிற்சிக்கெல்லாம் கெடையாதுங்க."

"இந்த ஒரு வார்த்தைதாங்க பேசுவா" என்றேன். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

பேச்சைப் படுக்கையில் கிடத்தியா கற்றுக்கொடுப்பார்கள்?

ஊருக்குத் திரும்பும் காரிமங்கலம் பஸ்ஸில் கண்டக்டரைப் பார்த்து மறுபடி கைகூப்பினாள். அவள் சொல்வதற்குள் வாயைப் பொத்திவிட்டேன்.

வீட்டு வாசலில் அவள் அப்பா நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் ஜெனி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

வணக்கம் வர ஒரு வருஷம் ஆனது. இதை ஒரே தடவையில் கற்றுக்கொண்டாள்.